ஓடைக்கரை மரத்தை விடுவதா, கட்டையை இறக்குவதா?

அமெரிக்காவின் ஓரிகான் கடலோர மலையில் நண்பரோடு சேர்ந்து வைத்திருக்கும் காட்டுத் துண்டில் மரம் வெட்டும்போது எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. சிறு உரிமையாளருக்குச் சட்டம் அனுமதிக்கும் குறுகலான பட்டையை (வெட்டாத மரங்கள் நிற்கும் கீற்றுநிலம்) கரையில் விட்டுவிட்டு, மீன் ஒதுங்கவும் முட்டையிடவும் உதவும் கட்டைகளைப் பொக்லைன் வைத்து ஓடையில் இறக்குவது ஒன்று. 100 அடி அகலத்துக்கு மரங்களை விட்டு, தானாக விழட்டும் என்று இருப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எடுத்தோம், ஆகவே சாய்வோடுதான் எழுதுகிறேன்.

நிழல் தருவதிலும் கரை அரிப்பைத் தடுப்பதிலும், நிற்கும் மரத்தை மிஞ்ச முடியாது. இதே மலைத்தொடரில் 1966இல் நீடில் பிராஞ்ச் ஓடையைக் கரைவரை மொட்டையடித்ததும் தண்ணீர் சூடேறியது ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

வேகத்தில் பொக்லைன்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுவரை, தண்ணீர் குறைந்திருக்கும்போது கட்டையை இறக்கினால் வரும் மழைக்காலத்திலேயே பலன் தெரியும். கோஹோ சால்மன் குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடையிலேதான் வளரும். குறுக்கே கிடக்கும் தடிக்குக் கீழே தண்ணீர் குடைந்து மடுவாக்கும். மாரி வெள்ளத்தில் குஞ்சு ஒதுங்குவது அங்கேதான். தடிக்கு மேற்பக்கம் தேங்கும் சரளையில் தாய்மீன் முட்டையிடும். (மீனுக்கு இடைஞ்சல் என்று 1950, 60களில் கட்டைகளை இழுத்து வெளியே போட்டதும் இங்கேதான். இப்போது காசு கொடுத்துத் திரும்பப் போடுகிறார்கள்.)

சரி, இறக்கிய கட்டை மக்கினால், வெள்ளத்தில் போனால், அடுத்தது எங்கிருந்து வரும்? எங்களுக்கு முடிவைத் தந்தது இந்தக் கேள்விதான். ஓடை அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான தடி வேண்டும், வேர்க்கட்டையோடு இருந்தால் ஒன்றரை மடங்கு. அதை விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி, அனுமதி வாங்கி, மறுபடி பொக்லைன். ஒவ்வொரு முறையும் பால் பாக்கெட் வாங்குவது மாதிரி. கரையில் மாடு நிற்கும்போது எதற்கு? ஓடைக்கு வந்து சேரும் கட்டையில் பெரும்பகுதி 100 அடிக்குள் நிற்கும் மரங்களிலிருந்தே வருகிறது. அதனால்தான் அந்த அகலம்.

எந்த மரம் என்பதும் முக்கியம். ஆல்டர் என்ற இலையுதிர் மரம் விழுந்து சில வருஷத்தில் காலால் மிதித்தாலே பொடியும். ஊசியிலை மரங்களான டக்ளஸ் ஃபிரும் செந்தேவதாருவும் பல பத்தாண்டுகள் கிடக்கும். நல்ல விலை போகும் தடிகளும் அவைதான், கணக்குப் பார்த்தால் வயிறு எரியும். முழு அகலம் விட்டால் மாநில வரியில் கழிவு கிடைப்பது கொஞ்சம் ஆறுதல்.

காற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னால் காடு போனதும் பட்டையில் நிற்கும் மரங்கள் தனியாகக் காற்றை வாங்கும். மொத்தமாகச் சாய்ந்தால் முதலில் கட்டை குவிந்து, பிறகு வெகுகாலம் வரத்து நின்றுபோகும். எங்கள் பட்டை பெரிய புயல் எதையும் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் கரையில் வெறும் ஆல்டர்தான் என்றால் என் வாதம் அங்கே எடுபடாது. பொக்லைனையே கூப்பிடுங்கள், கையோடு கரையில் செந்தேவதாரு கன்றும் நடுங்கள். மான் மேயாமல் வலைக்குழாய் போடுவதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.