இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: எந்த லேப்டாப்புக்குப் பலன், எதற்கு வீண்

லேப்டாப்பில் வைஃபை திணறுகிறது என்று யாரிடம் சொன்னாலும், “ஏஎக்ஸ்210 வாங்கி மாட்டு” என்ற பதில்தான் முதலில் வரும். கார்டு நல்ல கார்டுதான், அதில் வாதமில்லை. ஆனால் ரூட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு லேப்டாப்பைக் குறை சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. கார்டை மாற்றினால் தீரும் சிக்கல் எது, தீராதது எது என்று பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் இதைவிடப் பயனுள்ள சின்ன மேம்பாடு பழைய லேப்டாப்புக்கு அதிகம் இல்லை.

முதலில் பொருள். 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம் கொண்ட எம்.2 2230 கார்டு, அதாவது எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டில் செருகும் வகை. 2020 இறுதியில் வந்தது. வைஃபை 6ஈ (6 ஜிகாஹெர்ட்ஸையும் சேர்த்த வைஃபை 6), புளூடூத் இரண்டும் இதில் உண்டு. 2.4, 5, 6 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அலைவரிசைகளிலும் வேலை செய்யும். இரண்டு ஆன்டெனாவுக்கான இணைப்பு, 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனல், உச்ச இணைப்பு வேகம் 2.4 ஜிபிபிஎஸ். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அந்த 2.4 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ரூட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் தர வேண்டும், லேப்டாப்பும் அதன் அருகிலேயே இருக்க வேண்டும். ரூட்டரின் கம்பிப் போர்ட் 1 ஜிகாபிட் என்றால், அதன் வழியே வரும் தரவு 940 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இணைப்பு வேகம் 1,201 எம்பிபிஎஸ். கோப்பு நகலெடுக்கும்போது அதில் 60 முதல் 70 சதவீதம் கிடைத்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம்.

உண்மையான லாபம் கிடைப்பது ஒற்றை ஆன்டெனா கார்டோடு வந்த மலிவு லேப்டாப்புகளுக்கு. 802.11 ஏசி (வைஃபை 5) வகை ஒற்றை ஆன்டெனா கார்டின் உச்ச இணைப்பு வேகம் 433 எம்பிபிஎஸ். அதற்கும் முந்தைய 802.11என் வகை கார்டு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 72 எம்பிபிஎஸ்தான். எவ்வளவு வேகமான இணைய இணைப்பு வாங்கினாலும் அந்த லேப்டாப்பின் கதவு அவ்வளவுதான் திறக்கும். ஏற்கெனவே இரண்டு ஆன்டெனா, 867 எம்பிபிஎஸ் கார்டு இருந்து, வீட்டு இணைப்பு 200 எம்பிபிஎஸ் என்றால் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, netsh wlan show interfaces என்ற கட்டளையை அடியுங்கள். ரேடியோ டைப், சேனல், ரிசீவ் ரேட், ட்ரான்ஸ்மிட் ரேட், சிக்னல் என்று வரிசையாக வரும். சிக்னல் சதவீதத்தைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் ஏறக்குறைய டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) அளவு கிடைக்கும்: 66 சதவீதம் என்றால் மைனஸ் 67, 50 சதவீதம் என்றால் மைனஸ் 75. மைனஸ் 67க்கு மேலே இருந்தால் வீடியோ அழைப்பு தடுமாறாது. மைனஸ் 75ஐத் தாண்டிக் கீழே போய்விட்டால் அது தூரமும் சுவரும் செய்யும் வேலை. எந்தக் கார்டும் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் ஆன்டெனா கார்டில் இல்லை, திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கிறது. கார்டை மாற்றினாலும் அதே ஆன்டெனாதான்.

சிக்னல் 90 சதவீதம், ரேடியோ டைப் 802.11என், சேனல் 6, வேகம் 72 என்று வந்தால் இரண்டு சாத்தியம். கார்டுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது, அல்லது தெரிந்தும் ஒரே பெயரில் இரண்டு அலைவரிசையையும் வைத்திருக்கும் ரூட்டரில் தவறான பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் பிரிக்க netsh wlan show drivers என்ற கட்டளை போதும். கார்டு ஏற்கும் ரேடியோ வகைகளை அது பட்டியலிடும். ஏசி அல்லது ஏஎக்ஸ் (வைஃபை 6) இருந்தால் கார்டுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு தாவலில் ப்ரிஃபர்டு பேண்ட் என்பதை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். செலவே இல்லை.

செலவில்லாமல் தீரும் இன்னொன்றும் உண்டு. புது வைஃபை 6 ரூட்டர் வாங்கி வைத்ததும் பழைய லேப்டாப்பின் பட்டியலில் அந்த நெட்வொர்க் பெயரே காணாமல் போகும். கைபேசியில் மட்டும் தெரியும். 7260, 7265, 3165, 8260 போன்ற இன்டெல் கார்டுகள் பழைய டிரைவரோடு இருந்தால் இப்படி நடப்பது ஊரறிந்த விஷயம். டிரைவரைப் புதுப்பித்தால் பெயர் தெரியத் தொடங்கும். பெயர் தெரிகிறது, கடவுச்சொல் சரி, ஆனால் இணைய மறுக்கிறது என்றால் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையைச் சந்தேகியுங்கள். ரூட்டரில் தற்காலிகமாக டபிள்யூபிஏ2க்கு மாற்றினால் தெரிந்துவிடும். இணைந்தும் இணையம் வரவில்லை, முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரூட்டரிடமிருந்து ஐபி முகவரி வரவே இல்லை. அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி இணைப்பது, ரூட்டரை அணைத்துப் போடுவது என்று போக வேண்டும். இங்கே கார்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, குற்றவாளி கார்டுதான் என்று உறுதியானால் பொருத்தம் பார்க்கும் கட்டம். கல்யாணப் பொருத்தத்தைவிடக் கறாரானது இது.

அடிப்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். வைஃபை சிப் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தால் அத்தோடு முடிந்தது. மெலிந்த லேப்டாப்புகளில் இது சகஜம். எம்.2 ஸ்லாட் இருந்தால் நல்லது. ஏறக்குறைய 2013க்கு முந்தைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டாக இருக்கும். இந்தக் கார்டு நேரடியாக நுழையாது. ஆன்டெனா கம்பியின் முனையும் பெரிய வகை, ஏஎக்ஸ்210இன் எம்ஹெச்எஃப்4 என்ற சின்ன முனையில் உட்காராது. அடாப்டர் பலகையில் ஒட்டி விற்கும் வகைகள் உண்டு. அவற்றில் வைஃபை வந்துவிடும், புளூடூத் வராமல் போகலாம். காரணம் எளிது: இந்தக் கார்டில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், புளூடூத் யூஎஸ்பி வழியாகவும் பேசுகின்றன. ஸ்லாட்டில் யூஎஸ்பி கம்பி இணைக்கப்படவில்லை என்றால் புளூடூத்துக்கு வழியில்லை.

ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 என்ற இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. எண் ஒன்று கூடியிருப்பதால் 211 உசத்தி என்று வாங்கிவிடுவார்கள். 211, 201 இரண்டும் சிஎன்விஐ வகை. கார்டின் மூளையில் பாதி இன்டெல் புராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கேற்ற இன்டெல் தலைமுறை இல்லாத லேப்டாப்பில், ஏஎம்டி லேப்டாப்பில் நிச்சயமாக, அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. 210, 200 இரண்டும் முழுமையான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள், ஏஎம்டியிலும் ஓடும். 201 இருந்த ஸ்லாட்டில் 210 பெரும்பாலும் ஓடும், ஆனால் எல்லா லேப்டாப்பிலும் என்று சொல்ல முடியாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பிகளை அந்த ஸ்லாட்டுக்கு இழுக்காமல் விட்ட மதர்போர்டுகளும் உண்டு. அந்த மாடல் பெயரோடு 210 போட்டவர்கள் இருக்கிறார்களா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

கடைசித் தடை பயாஸ், லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் மென்பொருள். பழைய திங்க்பேட், பழைய ஹெச்பி லேப்டாப்புகள் சிலவற்றில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் பயாஸுக்குள் இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் திங்க்பேட் 1802 என்ற பிழையோடும், ஹெச்பி 104 என்ற பிழையோடும் நின்றுவிடும். பட்டியலை ஏமாற்ற மாற்றப்பட்ட பயாஸ்கள் சுற்றுகின்றன. ஒரு வைஃபை கார்டுக்காக மதர்போர்டைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமில்லை.

மாட்டும் வேலை பத்து நிமிடம். அதற்கு முன் ஒரே ஒரு முன்னேற்பாடு: இன்டெல் தளத்திலிருந்து வைஃபை டிரைவர், புளூடூத் டிரைவர் இரண்டையும் பென் டிரைவில் இறக்கி வையுங்கள். விண்டோஸ் 10இல் இந்தக் கார்டுக்கான டிரைவர் உடன் வராமல் இருக்கலாம். கார்டை மாற்றிய பிறகு டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்வீர்கள். மறந்துவிட்டால் கைபேசியை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்துச் சமாளிக்கலாம். 64 பிட் விண்டோஸ் 10, 11க்குத்தான் டிரைவர். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

முழுமையாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். அடிமூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைக்கும். ஆன்டெனா கம்பிகளைப் பக்கவாட்டில் நெம்பாமல், நுனியின் அடியில் பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். எந்தக் கம்பி 1, எது 2 என்று பார்த்து வைத்தால் போதும். மாறிப் போனாலும் கார்டு கெடாது. ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றியதும் கார்டு தானாகச் சாய்வாக எழும்பும். புதுக் கார்டை அதே சாய்வில் நுழைத்து, அழுத்தி, ஸ்க்ரூவை மாட்டுங்கள்.

எல்லாரும் தடுமாறும் இடம் ஆன்டெனா முனையைத் திரும்ப மாட்டுவது. எம்ஹெச்எஃப்4 அரிசி மணியைவிடச் சின்னது. மையம் சரியாக உட்காராமல் அழுத்தினால் நடு ஊசி வளையும். நேர் மேலே வைத்து, விரல் நகத்தால் மெல்ல அழுத்தும்போது லேசான ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தூக்கி மறுபடி வையுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டத் தாங்கும் முனை அல்ல இது. ஒற்றை ஆன்டெனா கார்டோடு வந்த லேப்டாப்பில் உள்ளே ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது கம்பி சில மாடல்களில் சுருட்டி டேப் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இல்லையென்றால் தனியாக ஆன்டெனா வாங்கித் திரைச் சட்டத்துக்குள் இழுக்க வேண்டும். அது வேறு வேலை, வேறு பொறுமை.

மாட்டிய பிறகு வரும் புகார்களில் இரண்டு அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 10 (கருவி தொடங்கவில்லை என்ற பிழை). மற்றது, சில நாள் ஒழுங்காக ஓடிய புளூடூத் திடீரென மறைவது. இரண்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: ஷட்டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, முடிந்தால் பேட்டரி கனெக்டரையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மீதி மின்சாரத்தை வடியவிடுவது. ரீஸ்டார்ட் இதற்கு ஈடாகாது, கார்டுக்கு மின்சாரம் அறுபடாது. திரும்பத் திரும்ப வந்தால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் தேர்வை அணைத்துவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்ததும் வைஃபை காணவில்லை என்றால், கார்டின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற தேர்வை நீக்குங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள புது லேப்டாப்புகளில் அந்தத் தாவலே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

160 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு ஆசைப்பட்டு ரூட்டரில் அதை இயக்கியதும் அவ்வப்போது இணைப்பு அறுந்தால் கார்டைத் திட்டுவார்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் அந்த அகலத்துக்குப் பெரும்பாலும் ரேடாரோடு பகிர வேண்டிய சேனல்களையும் சேர்த்தாக வேண்டும். ரேடார் போல எதையாவது கேட்டதும் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும் என்பது விதி. இன்னொரு ரேடார் சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். வேகத்தைவிட நிதானம் முக்கியம் என்றால் சேனல் 36, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ்.

6 ஜிகாஹெர்ட்ஸ் பற்றி விளம்பரம் சொல்லாத நிபந்தனைகள்: விண்டோஸ் 11 வேண்டும், 10இல் கிடையாது. ரூட்டரும் 6ஈ வகையாக இருக்க வேண்டும். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். அந்த அலைவரிசையை உங்கள் நாடு அனுமதித்திருக்க வேண்டும். எல்லாம் இருந்தாலும் அதே அறைக்குள்தான் அதன் அழகு தெரியும், சுவர் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

லினக்ஸ் பயனர்களுக்கு இது சுலபமான தேர்வு. கெர்னல் 5.10 முதல் உள்ளேயே டிரைவர் இருக்கிறது. லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ஒரு குறை உண்டு. லேப்டாப்பையே 5 ஜிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் ஆக்க நினைத்தால் இன்டெல் கார்டு பெரும்பாலும் விடாது, நாட்டு விதிகளைக் கார்டே தீர்மானிக்கிறது. அந்தத் தேவை இருப்பவர்கள் மீடியாடெக் சிப் பக்கம் பார்க்கலாம்.

பணம் கூடப் போனாலும் பரவாயில்லை, வைஃபை 7 வேண்டும் என்று இன்டெல் பிஇ200 கார்டுக்குத் தாவ நினைப்பவர்கள் நிதானிக்க வேண்டும். பல ஏஎம்டி லேப்டாப்புகளில் அது ஓடுவதில்லை.

ஸ்லாட்டே இல்லாதவர்களுக்கு மிச்சம் யூஎஸ்பி டாங்கிள். நகம் அளவு டாங்கிளை ஒதுக்கிவிட்டு, வெளி ஆன்டெனா உள்ளதாகப் பாருங்கள். அதை யூஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைப்பது நல்லது, யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் விழுகிறது. சில டாங்கிள்கள் செருகியதும் சிடி டிரைவ் போலத் தோன்றும். உள்ளே இருக்கும் டிரைவரை நிறுவி, அந்த டிரைவை எஜெக்ட் செய்த பிறகுதான் வைஃபை கார்டாக மாறும்.