நகக்கண்கூடச் சிவக்காத மருதாணிக் களிம்பு

போன தீபாவளிச் சமயத்தில் சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் ஒரு தற்காலிகக் கடையில் 28 வெள்ளி கொடுத்து ‘மருதாணிச் சாறு’ களிம்பு வாங்கினேன். பச்சை டப்பா, மூடியில் இலைப் படம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

எனக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் பல வருஷமாக எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் வேர்த்தால் போதும், அரிப்பு பிடுங்கி எடுத்துவிடும். கடையில் நின்ற தம்பி என் கழுத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். “அக்கா, இது இலையை அரைச்சு எடுத்த சுத்தச் சாறு. கெமிக்கலே கிடையாது. எச்எஸ்ஏ அப்ரூவ் பண்ணது. கைக்குழந்தைக்குக்கூடப் போடலாம்.” எச்எஸ்ஏ என்பது இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம்.

மூன்றே நாளில் அரிப்பு நின்றது. தோல் வழவழவென்று ஆனது. சந்தோஷத்தில் இரண்டாவது டப்பாவும் வாங்கி, வாயோரம் இருந்த தடிப்புக்கும் தடவ ஆரம்பித்தேன். அம்மாதான் ஒருநாள் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏன்டி, தினமும் மருதாணியைத் தொடுற கை இப்படியா வெளுத்துக் கிடக்கும்? நகக்கண்ணாவது சிவக்க வேணாமா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயம் இருக்கிறது. தோலிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. முதலில் ஆரஞ்சாகத் தெரியும், ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். சுத்த இலைச்சாறு என்று அவர் விற்றதோ இரண்டு டப்பா தீர்ந்தும் என் வெள்ளைத் துண்டில் ஒரு பொட்டுக் கறை வைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் களிம்பு தீர்ந்தது. நான்கு நாள் கழித்து வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம், கழுத்து முழுக்க நெருப்பு. கிளினிக்கில் டாக்டர் என் முழங்கை மடிப்பை விளக்கடியில் காட்டினார். வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, நரம்பெல்லாம் தெரிந்தது. காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: சேர்மானப் பட்டியல் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும் வீரியமான ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம், அவ்வளவு சீக்கிரம் அடங்கியதும் நிறுத்தியவுடன் கிளம்பியதும் அதனால்தான் என்றார். அழகுசாதனப் பொருளில் ஸ்டீராய்டு சேர்க்கவே கூடாது. மூலிகை என்ற பெயரில் வந்த களிம்புகளில் அது இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

‘எச்எஸ்ஏ அப்ரூவ்’ என்பதும் சும்மா பேச்சு. அழகுசாதனப் பொருளை ஆணையம் சோதித்து அனுமதி தருவதில்லை. விற்கிற நிறுவனம்தான் முன்கூட்டியே பதிந்து தெரிவிக்க வேண்டும், அந்தப் பதிவை ஆணையத்தின் இணையதளத்தில் நாமே தேடிப் பார்க்கலாம். எக்ஸிமாவைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்பதற்கும் அதில் இடமில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது அந்தக் கைக்குழந்தைப் பேச்சு. என் தங்கை மகனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. இங்கே பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிப்பார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டை மாதிரியே மருதாணியும் ஆகாது. உண்மையான மருதாணியைப் பூசினாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகலாம். டயப்பர் தடிப்புக்குத் தடவட்டும் என்று ஒரு டப்பாவைத் தங்கைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, மறந்துபோனேன்.

மருதாணி மேல் எனக்குக் கோபமில்லை. பித்தவெடிப்புக்கும் நகச்சுத்திக்கும் அம்மா இன்னமும் அரைத்துப் போடுகிறார். கிருமியையும் பூஞ்சையையும் அடக்கும் குணம் ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதை வைத்து எக்ஸிமா மூன்று நாளில் ஓடிவிடும் என்றால் நம்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தீபாவளி முடிந்ததும் கடை போய்விட்டது, தம்பியின் எண்ணில் யாரும் எடுப்பதில்லை. டப்பாவோடு ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரொம்ப நாள் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டப்பாவோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.