லங்காவி அயர்ன்மேன்: 16 மணி 34 நிமிடத்தில் முடித்தவனின் ரிவ்யூ

மலேசியாவின் லங்காவித் தீவில் அயர்ன்மேன் போட்டியை நான் முடித்த நேரத்தைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன். கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கடைசிக் கெடு, 17 மணி நேரம். போகலாமா வேண்டாமா என்று ஒரு வருஷம் யோசித்தபோது தேடித் தேடிப் படித்ததெல்லாம் 11 மணி, 12 மணி நேரத்தில் முடித்தவர்கள் எழுதியதுதான். அவர்கள் இருட்டுகிற நேரத்துக்கு முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ரோட்டில் தண்ணீர் இருக்குமா, ஐஸ் மிச்சம் இருக்குமா, ஆட்கள் நிற்பார்களா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அது மட்டும்தான்.

இருந்தது, கடைசி வரைக்கும் இருந்தது. கட்டிய பணத்துக்குத் தகுமா என்று யாராவது கேட்டால் தகும் என்று நான் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: 3.8 கி.மீ. கடல் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. 1978இல் ஹவாயில் 15 பேர் ஆரம்பித்து 12 பேர் முடித்ததுதான் முதல் போட்டி. 2015இல் நடிகர் மிலிந்த் சோமன் 49 வயதில் சூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் முடித்த பிறகு நம் பக்கம் நிறையப் பேர் இதைத் திரும்பிப் பார்த்தார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். லங்காவியில் இது 2000இல் தொடங்கி, நடுவில் சில வருஷங்கள் நின்றுபோய், 2014இல் திரும்ப வந்தது. சென்னையிலிருந்து பக்கம், குளிர் கிடையாது. தவிர இந்தத் தீவு கெடா மாநிலத்தில் இருக்கிறது, அதாவது பழைய கடாரம். ராஜேந்திர சோழன் படை கடல் தாண்டிப் போன சீமைக்குப் போகிறோம் என்ற நினைப்பே விமானத்தில் எனக்கு ஒரு தெம்பாக இருந்தது.

நீச்சல் பந்தாய் கோக் கடற்கரையில். நவம்பரில் கடல் வெதுவெதுப்பாகவே இருப்பதால் வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) கிடையாது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெட்சூட் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், அந்த உதவியை நம்பி நீச்சலை அரைகுறையாகப் பழகியவர்களுக்கு இங்கே 2 மணி 20 நிமிடக் கட்-ஆஃப் நெருக்கடியாகிவிடும். எல்லோரையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறக்காமல் வேகத்துக்குத் தக்கபடி சிலர் சிலராக விடுகிறார்கள், அதனால் மூஞ்சியில் உதை வாங்காமல் நீந்த முடிந்தது. குட்டிச் சொறிமீன்கள் கழுத்தில் சுருக்கென்று தைத்தன, பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. நீலாங்கரைக் கடலில் அலையைத் தாண்டிப் பழகியவர்களுக்கு இந்தத் தண்ணீர் ரொம்பச் சாந்தம். 1 மணி 46 நிமிடத்தில் கரையேறினேன்.

சைக்கிள் அப்படியில்லை. ஈசிஆரில் சனிக்கிழமை தவறாமல் நாலரை மணிக்குக் கிளம்பி மகாபலிபுரம் தாண்டிப் போய்வருகிற பழக்கம் மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் ஈசிஆரில் மேடே கிடையாது. லங்காவியில் பெரிய மலை என்று எதுவும் வழியில் வரவில்லை, ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தொடை இளைப்பாற இடமே தராமல் போகிறது ரோடு, அதுவும் இரண்டாவது சுற்றில் அதே மேடுகள் உச்சி வெயிலில் திரும்ப வருகின்றன. நான் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியெல்லாம் தயார் செய்திருந்தேன், அது இல்லாவிட்டால் அன்றைக்குத் தேறியிருக்க மாட்டேன். ரோடு நல்ல ரோடு, ஓரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், கையில் சாப்பாட்டோடு அங்கே நிற்காதீர்கள்.

118ஆவது கிலோமீட்டரில் பின் சக்கரம் பஞ்சர். சரி, பஞ்சர் எல்லோருக்கும் ஆவதுதான், டயரைக் கழற்றி, ட்யூபை மாற்றி, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு கடையில் அவசரமாக வாங்கிய இரண்டு ட்யூப், இரண்டிலுமே வால்வு குட்டை. என் சக்கரத்தின் ரிம் உயரமானது. வால்வின் நுனி ரிம்முக்கு வெளியே அரிசி மணி அளவுக்குத்தான் எட்டிப் பார்த்தது, பம்பின் தலை அதைப் பிடிக்கவே இல்லை. கடைக்காரரிடம் ரிம் உயரத்தைச் சொல்லித்தான் கேட்டிருந்தேன், பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டது என் தப்பு. வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்து, வியர்வை கண்ணில் இறங்க, அந்த வால்வை விரலால் வெளியே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இருபது நிமிடத்தை எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. 18 மாதப் பயிற்சி. விடியற்காலை மூன்றரை மணி அலாரம். எல்லாம் ஒரு உலோகக் குழாயின் ரெண்டு சென்டிமீட்டரில் மாட்டிக்கொண்டு நின்றது.

விதிப்படி வெளியாள் யாரும் உதவக் கூடாது. குடும்பத்தார் ஒரு ட்யூபைக் கொண்டுவந்து கொடுத்தால்கூட நம்மை நீக்கிவிடலாம். ஆனால் போட்டியில் இருக்கும் இன்னொருவர் ட்யூபோ பம்போ தண்ணீரோ கொடுக்கலாம், அது அனுமதி. எனக்கு இது தெரியாது. ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியிருப்பார், வேகத்தைக் குறைத்து என்ன என்று சைகையில் கேட்டார், நான் வால்வைக் காட்டினேன், அவர் இறங்கி சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் திறந்து ஒரு நீள வால்வு ட்யூபை எடுத்துக் கையில் வைத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். இன்னும் 60 கிலோமீட்டர் இருக்கிறது, தன் சக்கரம் பஞ்சரானால் அத்தோடு முடிந்தது என்று தெரிந்தேதான் கொடுத்தார். நன்றி சொல்லி முடிப்பதற்குள் மேட்டில் ஏறிப் போய்விட்டார். அவருடைய பிப் எண்ணை, அதாவது போட்டி எண்ணை மட்டும் மனசில் பதித்துக்கொண்டேன்.

முப்பத்தைந்து நிமிடம் போச்சு. சைக்கிளுக்கான கட்-ஆஃப், ஆரம்பித்ததிலிருந்து பத்தரை மணி நேரம். நான் வந்து சேர்ந்தது 10 மணி 11 நிமிடத்தில்.

இனி ஓட்டம். லங்காவியின் ஈரப்பதம் சென்னைக்காரர்களுக்குப் புதுசு இல்லை என்று சொல்வார்கள், பாதிதான் உண்மை, நாம் விடிகாலையில் ஓடிவிட்டு வெயில் வருமுன் வீடு திரும்புகிறவர்கள். வியர்வை காயவே காயாது, உடம்பு சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் தவிக்கும். நான் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில் 1.2 கிலோ குறைந்திருந்தது, அதாவது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல். அத்தனையையும் வெறும் தண்ணீராகக் குடித்து ஈடுகட்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆளையே சாய்த்துவிடும். உப்பும் சேர்ந்து போகவேண்டும்.

இங்கேதான் ஏய்ட் ஸ்டேஷன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், நம் ஊர் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று. தண்ணீர், கோலா, உப்புச் சேர்ந்த பானம், வாழைப்பழம், தர்பூசணி, அப்புறம் ஐஸ். ஓட்டப்பாதை ஒரே ரோட்டில் திரும்பத் திரும்ப வருவதால் அதே முகங்களைப் பல தடவை பார்க்கிறோம். ஒரு பந்தலில் பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி, என் பிப்பில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "அங்கிள், தமிழா? ஐஸ் எங்க போடணும்?" என்றாள். தொப்பியைக் கழற்றி நீட்டினேன். இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். அதை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டபோது, முதுகெலும்பு வழியாக ஒரு கோடு மாதிரி குளிர் இறங்கி இடுப்பு வரை போனது, அடுத்த அரைக் கிலோமீட்டருக்கு நான் மனுஷனாக இருந்தேன். அடுத்த சுற்றில் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கரண்டியோடு நின்றாள். ராத்திரி பத்தரைக்குக் கடைசித் தடவை அந்த இடத்தைக் கடந்தபோதும் அதே பெண், அதே கரண்டி. "இன்னிக்கு வீட்டுக்குப் போகலையாம்மா?" என்றேன். "நீங்க எல்லாரும் போனாத்தான் அங்கிள்" என்றாள்.

27ஆவது கிலோமீட்டரில் ஜெல் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) எதுவும் இறங்கவில்லை, கோலாவைக்கூட வயிறு திருப்பி அனுப்பியது. நாமே கட்டிக் கொடுத்து வழியில் வாங்கிக்கொள்ள ஒரு பை அனுமதிக்கிறார்கள். அதில் உப்புப் போட்டு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கும், அம்மா உப்பில் போட்டு வெயிலில் உலர்த்திய நார்த்தங்காய் நான்கு துண்டும் அலுமினியத் தாளில் மடித்து வைத்திருந்தேன். ஒரு துண்டை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு நடந்தேன். உமிழ்நீர் ஊறியது, குமட்டல் மெல்ல அடங்கியது, இரண்டு கிலோமீட்டர் கழித்துத் தண்ணீர் தங்கியது, நாலு கிலோமீட்டர் கழித்து ஓட முடிந்தது. எத்தனையோ காசு கொடுத்து வாங்கிய உப்பு மாத்திரைகள் இடுப்புப் பையிலேயே இருந்தன. எல்லோருக்கும் இது பொருந்துமா என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இனிப்பு அல்லாத ஒன்று, நம் வாய்க்குப் பழகிய ஒன்று, கட்டாயம் அந்தப் பையில் இருக்கட்டும், அதைப் பயிற்சியிலும் சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

குறை என்று பார்த்தால், குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சிரமம். நீச்சல் ஒரு இடம், சைக்கிளை விடுவது இன்னொரு இடம், முடிவது வேறு இடம், நடுவில் ரோடுகளை மூடிவிடுகிறார்கள். என் மனைவி பகலில் என்னைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. பந்தாய் செனாங் பக்கம் முடிவுக்கோட்டுக்கு நடந்து வரும் தூரத்தில் அறை எடுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் முந்தின நாள் இரவு சொல்லி வைத்தும் நாலு மணிக்குக் காலைச் சாப்பாடு வரவில்லை, நல்ல வேளையாக பிரெட்டும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தேன். மாமாக் கடை (அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சனாய்க்கு ஆசைப்படுபவர்கள் போட்டி முடிந்த மறுநாள் வரை பொறுக்கவும்.

முதல் முழு அயர்ன்மேனை இங்கேயே செய்யலாமா என்றால், கோவாவில் 1.9, 90, 21.1 என்று பாதித் தூரப் போட்டி இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள். உயரமான ரிம் வைத்திருப்பவர்கள் 60 மி.மீ. வால்வு ட்யூப் இரண்டு எடுத்து, வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நள்ளிரவு தாண்டி 12 மணி 14 நிமிடத்துக்குக் கோட்டைத் தாண்டினேன். மெடல், துண்டு, சூடான சூப். மனைவி அறைக்குப் போகலாம் என்றாள், கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ட்யூப் கொடுத்த அந்த அம்மாவின் பிப் எண்ணை அவள் போனில் தேடச் சொன்னேன். இன்னும் ரோட்டில்தான் இருந்தார். சூப் கிண்ணத்தோடு திரும்பப் போய் வேலித் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தபோது அவருடைய கணக்கில் 16 மணி 51 நிமிடம். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. தெரிந்தவர், தெரியாதவர், பந்தலை மூடிவிட்டு வந்திருந்த பிள்ளைகள் என்று அங்கே நின்ற எல்லோரும் தட்டியை அடித்துக்கொண்டிருந்தோம், மறுநாள் காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்கு என் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.