7,800 வெள்ளிக்கு மூன்று மாதம்: என் ஜிம்னியும் ஒரு சூப்பர்சார்ஜரும்

முதலில் வெல்டிங்கைச் சொல்லிவிடுகிறேன், என் வண்டிக்கு சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் கருவி) போட்ட கடையில் பாராட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. சூப்பர்சார்ஜரைத் தாங்கும் இரும்புத் தாங்கி, அதிலிருந்து இஞ்சினுக்குப் போகும் அலுமினியக் குழாய் எல்லாம் அழகாகச் செய்திருந்தார்கள். பானெட்டைத் திறந்து காட்டினால் நண்பர்கள் வாய் பிளப்பார்கள். இந்த அழகுக்குத்தான் 7,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கடை ஈப்போ பக்கம். பெயர் வேண்டாம்.

எனக்கு சுங்கை சிப்புட். செம்பனை மில்லில் பாய்லர்மேன் வேலை. வண்டி 2006 சுசுகி ஜிம்னி, சின்ன ஃபோர் வீல் வண்டி, 1,328 சிசி, கையால் மாற்றும் கியர். டயரை 235/75 ஆர்15க்கு மாற்றியதிலிருந்து அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரிஜினல் டயரைவிடப் பத்து விழுக்காடு உயரம் அதிகம், கியர் அதே பழைய கியர். தார் ரோட்டில் தெரியாது. மாதம் ஒருமுறை போஸ் பியா என்ற ஓராங் அஸ்லி கிராமத்துப் பக்கம் அரிசி மூட்டையும் தண்ணீர்க் குழாயும் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் போவோம். அங்கே செம்மண் ஏற்றத்தில் பாதி வழியில் இஞ்சின் அணைந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.

"டர்போ வேணாம் அண்ணே, அது சுத்து ஏறுனாத்தான் இழுக்கும். இது பெல்ட்டுல ஓடுறது, கால் வச்ச உடனே இழுக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஜப்பானில் சின்ன கார்களில் வந்த பழைய சூப்பர்சார்ஜரை ஹாஃப் கட் கடையில் (ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களின் சாமான் விற்கும் கடை) எடுத்துப் பொருத்தினார்கள். இஞ்சின் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், போட்டு ஓட்டுங்கள் என்றார்கள். டேஷ்போர்டில் நீல விளக்கோடு, தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பூஸ்ட் கேஜும் வைத்தார்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் தம்பி. நானும் சரி என்றேன்.

முதல் இரண்டு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோலகங்சார் போகும் பழைய ரோட்டில் மூன்றாவது கியரிலேயே லோரியை முந்தினேன். விசில் மாதிரி ஒரு சன்ன ஊளைச் சத்தம், கால் அழுத்த அழுத்தக் கூடும். அந்தச் சத்தத்துக்காகவே ஜன்னலை இறக்கி வைத்து ஓட்டினேன். ஒரு தடவை அந்த அலுமினியக் குழாயைத் தெரியாமல் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். காற்று இவ்வளவு சூடாக உள்ளே போகிறதே என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் கிடையாது. இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது மாதம், மழை விட்ட மறுநாள், நீளமான ஏற்றம். லோ ரேஞ்ச் (மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் தாழ்வான கியர் செட்), இரண்டாவது கியர், காலை முழுக்க அழுத்திவிட்டேன். கேஜ் முள் 0.4 பாரில் நின்றது. வின்ச் இழுக்கிற சத்தம், சேறு தெறிக்கிற சத்தம், ஊளைச் சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஏதோ கேட்டது. டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் வண்டி உலுக்கியது, பின்னால் நீலப் புகை. இஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்தால் கெண்டி மூக்கு மாதிரி ஆவி வந்தது. வெளியே இழுத்து வரவே இருட்டிவிட்டது.

வண்டியைத் திரும்பவும் ஈப்போவுக்கு ஏற்றவில்லை. லிந்தாங் ரோட்டில் தகரக் கொட்டகைக்கடியில் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார், அறுபதைத் தாண்டிய போமென் (மெக்கானிக்). அவரிடம் விட்டேன். முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார்: 175, 170, 55, 172 பிஎஸ்ஐ. மூன்றாவது சிலிண்டரில் ஒரு கரண்டி இஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடியும் பார்த்தார், 90க்கு ஏறியது. "வால்வு இல்ல தம்பி, ரிங்கு" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தார். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளிகள். "இது என்னான்னு தெரியுதா? உன் பிஸ்டன்."

இஞ்சினைப் பிரித்து, பழைய நாளிதழை விரித்துப் பிஸ்டன்களை வரிசையாக வைத்தார். மூன்றாவதில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு நகம் அளவுக்குப் பிய்ந்திருந்தது. ரிங் மூன்று துண்டு. சிலிண்டர் சுவரில் விரலை வைத்தால் கீறல் நெருடியது.

அவர் கண்டுபிடித்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். என் ஜிம்னியில் உள்ளே போகும் காற்றை ஒரு அழுத்த சென்சார் அளக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. சூப்பர்சார்ஜர் நாற்பது விழுக்காடு அதிகமாகத் தள்ளினாலும் கம்ப்யூட்டர் பழைய கணக்குக்கே எண்ணெய், அதாவது பெட்ரோல், விடும். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்கு எண்ணெய்க்கு எடையில் 14.7 பங்கு காற்று போதும். இப்படி அழுத்தி ஓட்டும்போது 12 பங்குக்குக் கீழே இறக்கி, எண்ணெயைத் தாராளமாக விட்டால்தான் உள்ளே சூடு அடங்கும். எனக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. அந்த இஞ்சின் தானாகவே கலவையை 9.5க்கு 1 என்று சுருக்குகிறது. தீப்பொறி விழும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளவில்லை. நான் போட்டதோ சாதாரண ரோன் 95 பெட்ரோல். ஏற்றத்தில் இஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்க நேரம் கிடைக்கிறது. அந்தக் கூழாங்கல் சத்தம் அதுதான். கால் வைத்த உடனே இழுக்கிற குணமே காட்டுப் பாதையில் வினையாகிவிட்டது.

"காத்த மட்டும் போட்டான், எண்ணெ போடல" என்று பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குத்தான் வெட்கம். மில் பாய்லரில் காற்றுக்கு ஒரு காற்றாடி, எரிக்கும் செம்பனை நாருக்கும் ஓட்டுக்கும் ஒரு வழி, இரண்டையும் பார்த்துப் பார்த்துத்தான் எட்டு மணி நேரம் ஓட்டுகிறேன். என் சொந்த வண்டியில் காற்றைக் காட்ட நீல விளக்குக் கேஜ் இருந்தது, எண்ணெயைக் காட்ட எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஈப்போ கடைக்குப் போன் போட்டேன். முதல் நாள் பெட்ரோல் மோசம் என்றார்கள். இரண்டாம் நாள் ரேடியேட்டரில் சேறு அடைத்திருக்கும் என்றார்கள். சேறு இருந்தது உண்மைதான், நானே கழுவினேன். மூன்றாம் நாள் வாரண்டிக் கடிதத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வருஷ வாரண்டி, ஆனால் காட்டுக்குப் போனால் செல்லாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஃபோர் வீல் வண்டிக்கு! படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் ஹாஃப் கட் இஞ்சின் ஒன்று தேடிப் போட்டார், கூலியோடு 4,300 வெள்ளி. சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபர் பெட்டியில் லோ ரேஞ்ச் கியரை இன்னும் தாழ்வான செட்டாக மாற்றினார். அது தனிச் செலவு, ஆனாலும் சூப்பர்சார்ஜரின் விலையில் பாதிகூட இல்லை. போன மாதம் அதே ஏற்றத்தில் அதே மூட்டையோடு போனேன். நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. தார் ரோட்டில் மறுபடியும் லோரிக்குப் பின்னால்தான் போகிறேன், அது வேறு விஷயம்.

ஈப்போ கடைக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் வெல்டிங்குக்கு. லிந்தாங் ரோட்டுப் பெரியவருக்கு ஐந்து. போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், மத்தியானம் தூங்கிவிடுவார்.

சூப்பர்சார்ஜர் வீட்டுக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, கையால் சுற்றினால் வழுவழுவென்று சுற்றுகிறது. 1,500 வெள்ளிக்குத் தருவேன். ஆனால் பெட்ரோல் பீய்ச்சும் இஞ்செக்டரைப் பெரிதாகப் போடப் போகிறீர்களா, கம்ப்யூட்டரை யார் சரிசெய்வார் என்று கேட்ட பிறகுதான் விலை பேசுவேன்.