நிலத்துச் சுரங்கமா, ஆழ்கடல் சுரங்கமா?

பல பேட்டரிகளுக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும். எங்கே தோண்டுவது என்பதுதான் கேள்வி.

நிலத்தில் தோண்டினால் என்ன ஆகும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்தோனேசியாவில் நிக்கலுக்காக மழைக்காடு அழிகிறது. உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் தரும் காங்கோவில் சிறுவர்கள்கூடக் குழிக்குள் இறங்குகிறார்கள்.

ஆழ்கடலில் ஊரும் இல்லை, காடும் இல்லை. பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில், சுமார் 4,000 மீட்டருக்கும் கீழே, உருளைக்கிழங்கு அளவு உலோக முடிச்சுகள் சும்மா கிடக்கின்றன. வெடி வைக்க வேண்டாம், அள்ளினால் போதும். ஒரே முடிச்சில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் நான்கும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அதில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகளுக்கு அந்தச் சேற்றில் வேறு பிடிமானம் அரிது. 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆய்வுக்காகக் கடல்தரையைக் கிளறினார்கள். 26 ஆண்டு கழித்துப் போனபோதும் அந்தத் தடம் தெரிந்தது. அப்புறம், கிளம்பும் சேற்றுக் கலங்கல் நீரோட்டத்தோடு எங்கே போகும் என்ற கவலை வேறு.

நிலத்துச் சுரங்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே தவறு நடந்தால் பார்க்கவும் தட்டிக்கேட்கவும் ஆள் உண்டு. அதனால் இப்போதைக்கு என் ஓட்டு நிலத்துக்கே. சரி, இந்த இரண்டு உலோகமும் தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் பரவி வருகிறதே, அவசரம் என்ன?