ஈரோட்டு அச்சகத்தின் ஐஇபி பதிவேடு: ஓராண்டு எழுதிப் பார்த்த பிறகு

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம், ஈரோட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் 14 பதிவேடுகள் வாங்கினேன். ஒன்று 90 ரூபாய். மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் எதை, எப்படிக் கற்பிப்பது என்று எழுதும் தனிநபர் கல்வித் திட்டம், எங்கள் பேச்சில் ஐஇபி, அதை எழுதுவதற்கென்றே தமிழில் அச்சடித்த நோட்டு. பிள்ளைக்கு ஒன்று. ஏப்ரல் வரை எழுதி முடித்துவிட்டதால், இப்போது இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் சிறப்புப் பயிற்றுநர். பவானி, அந்தியூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வரும் வேலை. இதற்கு முன் நான்கு ஆண்டுகள், இணையத்தில் கிடைத்த ஓர் அமெரிக்கப் படிவத்தை ஜெராக்ஸ் போட்டுத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். அது மோசமான படிவம் இல்லை. அந்த நாட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்காக 1975-இல் வந்து, 1990-இல் ஐடிஇஏ என்று பெயர் மாறிய சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் ஐஇபியையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபார்வை செய்யச் சொல்கிறது. பெற்றோரை உட்காரவைத்துத்தான் எழுத வேண்டும், ஒரு நகலை அவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று 2017-இல் எண்ட்ரூ எஃப். என்ற மாணவரின் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே தலைமையாசிரியர், 'பள்ளி மாவட்டப் பிரதிநிதி' என்ற ஆங்கில வரிக்கு மேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நமக்கு உள்ளது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 16-ஆம் பிரிவில் ஐஇபி என்ற பெயர் கிடையாது. அதனாலேயே இது விருப்பப்பட்டால் செய்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்ய வேண்டும், தனிப்பட்ட உதவி தர வேண்டும், ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கிறது. எழுதி வைக்காமல் இதைச் செய்தோம் என்று எப்படிக் காட்டுவது? இந்தப் பதிவேட்டின் உள்ளட்டையில் அந்தப் பிரிவின் கடமைகளை எளிய தமிழில் அச்சடித்திருக்கிறார்கள். வகுப்பாசிரியர் யாராவது இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டிவிடுவேன்.

நான் மெச்சுவது இரண்டாம் பக்கத்தை. முதல் கட்டம் 'வீட்டில் பிள்ளை தானாகச் செய்வது'. பெற்றோர் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். நம்முடைய மதிப்பீடு அதற்குக் கீழேதான்.

பவானியில் ஜமுக்காளம் நெய்கிற ஓர் அம்மா. பையனுக்கு அறிவுசார் குறைபாடு, நான்காம் வகுப்பு. முந்தைய ஆண்டுகளில் நான் நீட்டிய ஆங்கிலப் படிவத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டவர். இந்த நோட்டைக் கண்டதும், "இதுல என்னங்க டீச்சர் எழுதோணும்?" என்று கேட்டார். வீட்டில் என்ன செய்வான் என்றேன். "தறியில உக்காந்தா தார்க்குச்சி எடுத்துக் குடுப்பானுங்க. எட்டு வரைக்கும் எண்ணுவான். அப்புறம் மறுக்கா ஒண்ணுலிருந்து ஆரம்பிச்சுருவானுங்க" என்றார். தார்க்குச்சி என்றால் நெசவில் ஊடை நூல் சுற்றிய குச்சி. என் மதிப்பீட்டில் அவன் ஐந்து வரைதான் எண்ணுவான் என்று இருந்தது. வகுப்பறையில் பிளாஸ்டிக் மணிகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். இத்தனை நாளாகப் பையனைக் குறைத்து எழுதியிருக்கிறேனே என்று அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால் இலக்கை இப்படி எழுதினோம்: 'டிசம்பருக்குள் 20 தார்க்குச்சிகளை எண்ணி எடுத்துத் தருவான், 5 முறை கேட்டால் 4 முறை சரியாக.' டிசம்பரில் 15 வரை வந்தான், 20 வரவில்லை. பழைய படிவத்தில் 'முன்னேற்றம் உண்டு' என்று ஒரு டிக் அடித்திருப்பேன். இதில் 'எட்டவில்லை என்றால் ஏன், எதை மாற்றினோம்' என்று நான்கு வரி விட்டிருக்கிறார்கள். காலியாக விட மனம் வராது. உட்கார்ந்து யோசித்து, பத்துப் பத்தாகக் கட்டு கட்டி எண்ணவைக்கலாம் என்று ஜனவரியில் முறையை மாற்றினோம். மார்ச்சில் 20 எண்ணிவிட்டான்.

காலாண்டுப் பக்கத்துக்கு மட்டும் பில் புக் மாதிரி கீழே மஞ்சள் நகல் தாள் உண்டு. கிழித்துப் பெற்றோரிடம் கொடுத்துவிடலாம். நம் ஊரில் நான் பார்த்த வேறு எந்த ஐஇபி படிவத்திலும் இது இல்லை. அந்த அம்மா மூன்று தாள்களையும் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.

இனி குறைகள்.

பெரிய குறை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பெயருக்குக் கீழே யுடிஐடி எண் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்), அடுத்து ஊனத்தின் சதவீதம், பக்கத்தில் '40%-க்கு மேல்' என்று ஒரு கட்டம். இது தப்பான எண்ணத்தை உண்டாக்குகிறது. 40 சதவீதம் என்ற அளவு சட்டத்தில் சில உரிமைகளுக்குத்தான் வருகிறது. 31-ஆம் பிரிவில் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அப்படிப்பட்டது. 16-ஆம் பிரிவு அந்த அளவைக் கேட்கவில்லை. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கே பொறுப்பும் தருகிறது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், வாயால் கேட்டால் அத்தனை பதிலும் சொல்வாள், ஒரு பத்தி வாசிக்கத் திணறுவாள். சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. முதல் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்த வகுப்பாசிரியர், "சர்டிபிகேட் வந்த பின்னாடி எழுதிக்கலாமே டீச்சர்" என்றார். ஒரு கட்டத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பருவம் போயிருக்கும். நான் விடவில்லை, அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

அடுத்தது, 'வகுப்பறைச் சலுகைகள்' என்ற தலைப்பு. பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இவற்றைச் சலுகை என்றே எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் முன் வரிசையில் உட்காரவைப்பதும், கேள்வியைப் படித்துக் காட்டுவதும் யாரோ இரக்கப்பட்டுத் தருவது இல்லை. 'தேவையான மாற்றங்கள்' என்று போட்டிருக்கலாம். தலைப்பு எப்படியிருந்தாலும் உள்ளே 'யார் செய்வார், எந்தத் தேதியிலிருந்து' என்ற இரண்டு பத்திகள் இருப்பது நல்ல யோசனை. வகுப்பாசிரியர் பெயரை எழுதியதுமே அவருக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது.

என் கையெழுத்துக்குக் கீழே சிஆர்ஆர் எண்ணுக்கு, அதாவது மறுவாழ்வுப் பணியாளர் பதிவேட்டில் உள்ள என் பதிவு எண்ணுக்கு, இடம் உண்டு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (ஆர்சிஐ) சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு உள்ளவர்தான் இந்த வேலை பார்க்கலாம் என்பதால் அது அவசியம். பதிவு எதுவரை செல்லும் என்ற தேதிக்கும் ஓர் இடம் விட்டிருக்கலாம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிற பதிவு ஆயிற்றே. மதிப்பீட்டுச் சுருக்கத்துக்கு அரைப் பக்கம்தான். எம்டிபிஎஸ் என்ற மதிப்பீட்டுப் பட்டியலைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் 18 பகுதிகளையும் இதில் அடக்க முடியாது, தனித்தாளில் எழுதி ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும்.

தாள் நன்றாக இருக்கிறது, தையலும் விடவில்லை. மஞ்சள் தாளைக் கிழிக்க வேண்டிய துளை வரிசைதான் சில நோட்டுகளில் சரியாக இறங்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கிழியுங்கள். ஜெல் பேனா நகலில் பதியாது, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தித்தான் எழுத வேண்டும்.

மே மாதம் திருத்தப் பட்டியலோடு அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டு, "அடுத்த அச்சுல மாத்திப் போட்டர்றேனுங்க டீச்சர்" என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார். 40% கட்டத்தை அப்போதே ப்ரூஃபில் எடுத்துவிட்டார். வரும் ஆண்டுக்கு 16 சொல்லியிருக்கிறேன். அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு எட்டாம் வகுப்பு நோட்டும் அதில் ஒன்று.