நிலாவெளியில் வில்லா வாங்க எண்ணியிருக்கும் புலம்பெயர் உறவுகளுக்கு ஓர் எச்சரிக்கை

கனடாவில் வாழும் என் தங்கையும் மச்சானும், ஓய்வுக் காலத்தை ஊரோடு கழிக்கலாம் என்ற எண்ணத்தில், நிலாவெளிப் பக்கம் கடலோரமாக ஒரு வில்லா வாங்க முனைந்தார்கள். முன்பதிவுக் கட்டணம் என்ற பெயரில் அவர்கள் கொடுத்த காசின் பெரும்பகுதி இன்னும் திரும்பி வரவில்லை. திருகோணமலையிலேயே இருப்பவன் என்பதால் காணிப் பதிவகம், பிரதேச செயலகம், சட்டத்தரணியின் அலுவலகம் என்று அவர்களுக்காக அலைந்தவன் நான்தான். விடயம் சட்டத்தரணியின் கையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரை எழுதவில்லை. பெயரை விட அவர்கள் கையாண்ட முறையைத் தெரிந்துகொள்வதே மற்றவர்களுக்குப் பயன்படும்.

விளம்பரத்தில் இருந்தது ஆவணி மாதத்துக் கடல், நீல நிற நீச்சல் குளம், ஓலை வேய்ந்த முன் மண்டபம். "இருபது பேர்ச், உறுதிக் காணி, நிரந்தர உரிமை" என்று கீழே எழுதியிருந்தார்கள். ரொறன்ரோவில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்துக் காணொளி காட்டி, அன்றே பதிவு செய்பவர்களுக்கு விலைக் கழிவு என்று அறிவித்து, காசையும் அங்கேயே, விற்பனையாளரின் உறவினர் ஒருவருடைய வங்கிக் கணக்குக்குக் கனேடிய டொலரில் வாங்கிக்கொண்டார்கள். கையில் கிடைத்தது நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் அச்சிட்ட ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே. எந்தக் காணித் துண்டு, எந்தப் பிளான் (நில அளவைப் படம்), எத்தனையாம் இலக்க உறுதி (காணி உரிமைப் பத்திரம்) என்பவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

முதலாவது சிக்கல் குடியுரிமையில் வந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு இங்குள்ள காணியை விலைக்கு எழுதிக் கொடுக்க முடியாது. எழுதினாலும் அது சட்டப்படி செல்லாது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்து இங்கேயே படித்திருந்தாலும், கனேடியக் குடியுரிமையை மட்டும் வைத்திருக்கும் என் தங்கை இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீட்டுக்கும் விதிவிலக்கு உண்டு. ஆனால் வில்லா என்பது தரையில் நிற்கும் வீடு, அதற்கு அந்த வாசல் திறக்காது. வெளிநாட்டவருக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், அதுவும் அதிகபட்சம் 99 ஆண்டுகளுக்கு.

இதை நான் எடுத்துச் சொன்னபோது விற்பனையாளர் சற்றும் தடுமாறவில்லை. ஒரு கம்பனி பதியலாம் என்றார்: நூற்றுக்கு நாற்பத்தொன்பது பங்கு தங்கைக்கு, ஐம்பத்தொன்று அவர்களுடைய ஆளுக்கு, காணி கம்பனியின் பேரில். "அது ஒண்டும் பிரச்சின இல்ல ஐயா, பேர் மட்டுந்தான் எங்கட, வீடு முழுக்க உங்கட" என்றார். வெளிநாட்டவரின் பங்கு ஐம்பது வீதத்துக்குக் குறைந்த கம்பனி காணி வாங்கச் சட்டம் இடம் கொடுப்பது உண்மை. ஆனால் வீட்டின் முழு விலையையும் கொடுப்பவர் சிறுபான்மைப் பங்காளராகவும், ஒரு சதமும் போடாதவர் கம்பனியை நடத்தும் பெரும்பான்மைப் பங்காளராகவும் இருந்தால், நாளை அவர் அந்த வீட்டை ஈடு வைக்கவோ விற்கவோ முற்படும்போது எதைக் காட்டித் தடுப்பது என்பதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. நான் மறுத்ததும், அப்படியானால் 99 வருடக் குத்தகை எழுதலாம் என்றார். நிரந்தர உரிமை, நாற்பத்தொன்பது வீதப் பங்கு, குத்தகை ஆகிய மூன்றும் முற்றிலும் வேறுபட்ட உரிமைகள். அவர் கேட்ட விலையோ மூன்றுக்கும் ஒன்றாகவே இருந்தது. சந்தேகம் எனக்கு உறுதியானது அந்த இடத்தில்தான்.

அதன் பிறகு, அவர்கள் தந்த பிளான் பிரதியை எடுத்துக்கொண்டு, எங்கள் செலவில் அனுமதி பெற்ற ஒரு நில அளவையாளரைக் காணிக்கு அழைத்துப் போனேன். வாங்குபவர்கள் எத்தனையோ பேர் விட்டுவிடும் வேலை இது. அச்சடித்த பிளானும் வேலியும் பொருந்தும் என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். அவர் வீதி ஓரத்தில் இருந்த பழைய எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளந்துகொண்டு வந்தார். பின்பக்க எல்லை மதிலுக்கு வரவே இல்லை. குசினி ஜன்னலுக்குக் கீழாக ஒரு மூலை முடிந்தது; மற்ற மூலைக்கான குறி நீச்சல் குளத்தின் இரண்டாம் படிக்கட்டில் போய் விழுந்தது. சிவப்புப் பெயின்ட் பூசிய முளையை எங்கே அடிப்பது என்று உதவியாள் பெடியன் அளவையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். உறுதியில் உள்ள காணி வீதிப் பக்கத்துத் துண்டு மட்டுமே. கடலைப் பார்த்த விறாந்தை, குளம், விளம்பரத்தில் வந்த ஓலை மண்டபம் அனைத்தும் அதற்கு வெளியே நின்றன.

வெளியே நின்ற அந்தத் துண்டு ஒரு பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடும்பங்களுக்கு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணிகள் இந்தக் கரையோரம் எங்கும் உண்டு. அவற்றைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. பக்கத்து வளவில் இருந்த வயதான அம்மா தன் பெட்டகத்திலிருந்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். "இது இவரிட பேரில குடுத்த பெர்மிட் தம்பி, வெள்ளத்தாளில ஒரு கையெழுத்து வேண்டிக்கொண்டு போனவங்க" என்றார். கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்தபோது அதுவே உறுதியானது. வெள்ளைத் தாளில் அவருடைய காலஞ்சென்ற கணவர் வைத்த கையெழுத்தின் மேல்தான் அந்த நீச்சல் குளம் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பகுதியில் காணி வாங்குபவர்கள் போர்க் கால வரலாற்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து இந்தக் கரையோரக் குடும்பங்கள் பல தடவை இடம்பெயர்ந்தன, உறுதிகள் தொலைந்தன, ஒருவர் விட்டுப்போன வளவில் இன்னொருவர் குடியேறினார். பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கிடைக்கும் என்ற பழைய விதியைச் சொல்லிச் சிலர் விற்கிறார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரின் காரணமாகத் தம் காணிக்கு உரிமை கோர முடியாமல் போனவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதித்தது. அந்த விசேட சட்டத்தின் நிபந்தனைகளை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு விளங்கிக்கொள்ளாமல், ஆட்சியுரிமை என்று எழுதிய உறுதியைக் கையில் எடுக்காதீர்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிகளும் கடன் கொடுக்குமுன் அவ்வளவு தூரம்தான் பார்க்கின்றன. அந்தத் தேடலைச் செய்பவரும் உறுதியை எழுதும் நொத்தாரிசும் நீங்கள் அமர்த்தியவர்களாக இருக்க வேண்டும். எங்கள் விற்பனையாளர் தங்களுடைய நொத்தாரிசைத் தவிர வேறு யாரும் எழுதக் கூடாது என்று அடம்பிடித்தார்.

கடலோர அனுமதியிலும் இதே கதைதான். உயர் அலைக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் வரையறுக்கிறது. அதற்குள் கட்டடம் எழுப்பக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எங்களுக்குக் காட்டியது விண்ணப்பம் கையளித்ததற்கான பற்றுச்சீட்டு. அனுமதி என்று அதையே நீட்டினார்கள். பிரதேச சபையின் கட்டட அனுமதியும் வேலை முடிந்தபின் கொடுக்கும் இணக்கச் சான்றிதழும் வேறு வேறு. முன்னையது மட்டும் இருந்தால், கட்டியது அனுமதித்தபடிதானா என்பதற்கு ஆதாரம் இல்லை. வீதிப் பக்கத்துத் துண்டுக்குப் பிரதேச சபையில் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டும் உரிமைக்குச் சான்று ஆகாது. கிணற்றுத் தண்ணீர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உவர்க்கிறதா, மாரியில் ஒழுங்கை வெள்ளத்தில் நிற்கிறதா என்பவற்றை அயலவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காசு கொடுத்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணி விற்பனை மட்டுமன்றி, விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இங்குள்ள சட்டம். ஆகவே ரொறன்ரோவில் கொடுத்த பற்றுச்சீட்டை வைத்து வீட்டைத் தா என்று வழக்காட முடியாது. காசைத் திருப்பித் தா என்று மட்டும்தான் கேட்கலாம். வெளிநாட்டவர் குத்தகைக்கோ தொடர்மாடிக்கோ அனுப்பும் காசு, இங்குள்ள வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கின் ஊடாக வர வேண்டும். பிற்காலத்தில் விற்றுவிட்டுக் காசை வெளியே கொண்டுபோக அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். உறவினர் கணக்குக்குப் போன டொலருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம், காலம் போகும் என்று ஒருவர் உங்களை அவசரப்படுத்தினால், அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

எங்கள் சட்டத்தரணி கோரிக்கைக் கடிதம் அனுப்பியபின் ஒரு சிறு தொகை வந்தது. மிகுதி "நிர்வாகச் செலவு" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். வழக்குக்குப் போவதா என்பதை மச்சான் அங்குள்ள சட்டத்தரணியோடும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் அதே வில்லா, மதிலுக்கு வெள்ளை அடித்து, புதிய பெயர்ப் பலகையோடு மறுபடியும் விளம்பரத்துக்கு வந்துவிட்டது. நிலாவெளிப் பக்கம் ஓலை மண்டபமும் குளமும் உள்ள வீடு ஒன்று உங்களுக்குக் காட்டப்பட்டால், பிளான் இலக்கத்தையும் காணித் துண்டின் இலக்கத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் சொந்த அளவையாளரைக் கொண்டு பின்பக்க எல்லையை முதலில் அளந்து பாருங்கள்.